புரோகிரசிவ் ராக்: பெற்றோர்களுக்கு ஓர் அறிமுகம்

நம்மவர் வீடுகளில் இப்போது அடிக்கடி நடக்கிற சம்பாஷணை இது. கூடத்தில் சேஷகோபாலனின் தோடி ஓடிக்கொண்டிருக்கும். உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டியபடி கல்லூரிப் பிள்ளை உட்கார்ந்திருப்பான். “என்னடா கேக்கறே?” என்று அப்பா எட்டிப் பார்ப்பார். “போர்க்குப்பைன் ட்ரீ” என்று பதில் வரும். முள்ளம்பன்றிக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தபடியே அப்பா கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். பேச்சு அத்தோடு சரி.

அந்தப் பேச்சு இன்னும் ஒரு பத்து நிமிடம் நீண்டால் நன்றாக இருக்குமே என்றுதான் இதை எழுதுகிறேன். புனேயில் வளரும் நம் குழந்தைகளின் நிலைமை தெரிந்ததுதான். நண்பர்களோடு மராத்தி, ஆட்டோக்காரரோடு இந்தி, வகுப்பில் ஆங்கிலம். தமிழ் மிஞ்சுவது “சாப்பிட வா”, “மார்க் எவ்வளவு”, “ஊருக்கு டிக்கெட் போட்டாச்சா” என்ற மூன்று வாக்கியங்களுக்குத்தான். பெற்றோரும் பிள்ளையும் ஒரு மணி நேரம் தமிழில் பேசுவதற்கு ஏதாவது ஒரு விஷயம் வேண்டும். சங்கீதம் அப்படி ஒரு விஷயமாக இருக்க முடியும். ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு சங்கீதத்தைக் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணம் பாதிதான் சரி.

‘புரோகிரசிவ்’ என்ற சொல்லைத் தமிழில் ‘முற்போக்கு’ என்று பெயர்த்தால் உடனே முற்போக்கு எழுத்தாளர்கள் நினைவுக்கு வருவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆடுவதற்காக இருந்த ராக் இசையை உட்கார்ந்து கேட்கும் இசையாக மாற்ற வேண்டும் என்று 1960களின் கடைசியில் இங்கிலாந்து இளைஞர்கள் சிலர் முயன்றார்கள். அதற்கு ஏற்பட்ட பெயர் இது. 1969 அக்டோபரில் வெளியான ‘கிங் கிரிம்ஸன்’ குழுவின் முதல் ஆல்பத்தை இந்தப் பாணியின் பிள்ளையார் சுழி என்று ரசிகர்கள் பலர் சொல்வார்கள். அதைத் தொடர்ந்து யெஸ், ஜெனெசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர், பிங்க் ஃபிளாய்ட் என்று ஒரு வரிசை. பாமர் என்பது ஒருவருடைய பெயர். பாமரர்களுக்கான இசை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உண்மையில் எதிர்மாறு!

அதுவரை ஒரு ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம். ரேடியோவுக்கு அதுதான் வசதி. 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் நம் வித்வான்களும் இதே சங்கடத்தைப் பட்டவர்கள்தான். ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் போல. ராத்திரி முழுக்கத் தோடி வாசித்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை, தட்டில் அதைச் சில நிமிடங்களுக்குள் அடக்க வேண்டியிருந்தது. 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. தட்டு வந்து, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் என்றான பிறகும் ராக் குழுக்கள் அதில் ஐந்தாறு மூன்று நிமிடப் பாட்டுகளைத்தான் அடுக்கினார்கள். புரோகிரசிவ்காரர்களோ இருபது நிமிடம் இருக்கிறதே, ஒரே பாட்டாக வாசித்தால் என்ன என்று கேட்டார்கள். யெஸ் குழுவின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ (1972) 18 நிமிடத்துக்கு மேல். தட்டின் ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரு பாட்டுதான். அதே வருடம் ஜெத்ரோ டல் ‘திக் ஆஸ் எ பிரிக்’ என்று தட்டின் இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே பாட்டாகச் சுமார் 44 நிமிடம் போட்டார்கள். நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

ராகம் தானம் பல்லவி கேட்டுப் பழகிய காதுக்கு இந்த நீளம் ஒரு பொருட்டே அல்ல. ஆரம்பத்தில் ஒரு சின்ன சங்கதி வரும். அது மறையும். வேறு எங்கோ போவார்கள். வேகம் கூடும், குறையும். கடைசியில், மறந்தே போய்விட்ட அந்த முதல் சங்கதி வேறு அலங்காரத்தோடு திரும்பி வரும்போது உள்ளே ஒரு சிலிர்ப்பு ஏற்படும். இதைப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், அவன் அந்த இடத்தை நிமிடக் கணக்கோடு சொல்வான்.

இன்னொரு வழக்கம், ஆல்பம் முழுவதையும் ஒரே கதையாக அமைப்பது. ஜெனெசிஸின் ‘தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ (1974), பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ (1979) இரண்டும் அப்படிப்பட்டவை. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் நமக்குத் தெரியும். முழுக் கதையாகப் பாடப்பட்டது. இன்று கச்சேரிக் கடைசியில் துக்கடாவாக ஒரு பாட்டை மட்டும் எடுத்துப் பாடுகிறார்கள். ‘தி வால்’ கதையும் அதேதான். பள்ளிக்கூடக் குழந்தைகள் கோரஸ் பாடும் அந்த ஒரு பாட்டை மட்டும் ரேடியோக்காரர்கள் பிய்த்து எடுத்துக்கொண்டார்கள். முழுக்கக் கேட்டவன் அதைச் சொல்லி வருத்தப்படுவான். நந்தனாரை முழுக்கக் கேட்ட நம் பாட்டிகள் வருத்தப்பட்டதைப் போலவே.

இனி தாளம். என்னைக் கேட்டால், நம்மவர்கள் உள்ளே நுழைய இதுதான் நல்ல வாசல். சாதாரண ராக், சினிமா டப்பாங்குத்து எல்லாமே பெரும்பாலும் நாலு நாலாக நடக்கும். புரோகிரசிவ் குழுக்களுக்கு ஐந்து, ஏழு, ஒன்பது என்றால் தனி மோகம். பிங்க் ஃபிளாய்டின் ‘மணி’ (1973) பாட்டின் ஆரம்பத்தைக் கேளுங்கள். காசு குலுங்கும் சத்தம், காகிதம் கிழியும் சத்தம், கல்லாப்பெட்டிச் சத்தம் என்று வரும். ரோஜர் வாட்டர்ஸ் அந்தச் சத்தங்களைத் தனித்தனியாகப் பதிவு செய்து, டேப்பை அளந்து வெட்டி ஒட்டி, ஏழு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று வருகிற மாதிரி செய்தார். ஒரு தட்டு, இரண்டு விரல், தட்டு–வீச்சு, தட்டு–வீச்சு என்று திஸ்ர ஜாதி திரிபுடை போட்டுப் பாருங்கள், அப்படியே உட்காரும். நடுவில் கிட்டார் தனியாக வாசிக்கும்போது தாளம் நாலுக்கு மாறும். நம் கை தடுமாறும். பிறகு மறுபடி ஏழு. பாட்டின் நடுவில் இப்படித் தாளத்தையே மாற்றுவது நம்மிடம் அபூர்வம். நாம் தாளத்தை வைத்துக்கொண்டு நடையை மாற்றுவோம். அவர்கள் தாளத்தையே மாற்றிவிடுவார்கள்.

கனடாவின் ‘ரஷ்’ குழு 1981-ல் வாசித்த ஒரு வாத்திய உருப்படியை வைத்து வீட்டிலேயே ஒரு வேடிக்கை செய்யலாம். அதன் பெயர் ‘ஒய் ஒய் இஸட்’. டொரான்டோ விமான நிலையத்தின் குறியீடு அது. அங்கே உறவுக்காரர்கள் இருப்பவர்கள் தங்கள் பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் பார்த்திருப்பார்கள். அந்த மூன்று எழுத்துகளைத் தந்தி மொழியான மோர்ஸில் தட்டினால் வரும் தாளம்தான் உருப்படியின் தொடக்கம். தபால் தந்தி இலாகாவிலோ ராணுவ சிக்னல் பிரிவிலோ வேலை பார்த்த தாத்தாக்கள் இருந்தால் உடனே விளங்கிக்கொள்வார்கள். ‘ஒய்’க்கு கோடு, புள்ளி, கோடு, கோடு. ‘இஸட்’டுக்கு கோடு, கோடு, புள்ளி, புள்ளி. கோட்டுக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று! ‘தா த தா தா’ ஏழு. இன்னொரு ‘தா த தா தா’ ஏழு. ‘தா தா த த’ ஆறு. மொத்தம் இருபது. நாலு நாலாக வகுத்தால் ஐந்து அடி, கண்டம்.

எங்கள் கட்டடத்தில் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரமாட்டேன் என்று அடம் பிடிப்பவன். அவனிடம் இதை மேஜையில் தட்டிக் காட்டினேன். “அங்கிள், இதுக்குப் பேரு தமிழ்ல மாத்திரையா?” என்று கேட்டான். பிறகு அவனே தன் நண்பர்களுக்குத் ‘தா த தா தா’ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். வகுப்புக்கு வந்தானா என்று கேட்காதீர்கள். குறில் நெடில் மட்டும் இனி மறக்காது.

ஒற்றுமையை மட்டும் சொல்லிக்கொண்டே போனால் அது நேர்மையாகாது. ‘எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான்’ என்று பிள்ளையிடம் ஆரம்பித்தால் கதவு மறுபடி சாத்திக்கொள்ளும். நமக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம். அதை எப்படி அசைக்கிறோம் என்பதில்தான் உயிர். அவர்களுக்குப் பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் அடுக்கடுக்காக ஒலிக்க வேண்டும். எந்த அடுக்கிலிருந்து எந்த அடுக்குக்குப் போகிறார்கள் என்பதில் உயிர். கமகத்தை அங்கே தேடினால் ஏமாற்றம்தான். அதே போல, நம் வித்வான் நேற்றுப் பாடிய கல்பனாஸ்வரத்தை இன்று பாடமாட்டார். கிங் கிரிம்ஸன் போன்ற சிலர் மேடையில் கற்பனைக்கு நிறைய இடம் கொடுத்தார்கள். மற்றவர்களில் பலருக்குத் தட்டில் உள்ளதை மேடையில் பிசகாமல் கொண்டுவருவதே பெருமை.

அந்த அடுக்கு ஒலிக்காக அவர்கள் பட்ட பாடும் சுவையானது. வயலின் கூட்டத்தை மேடைக்கு அழைத்துப் போகக் கட்டுப்படியாகாது. ஆகவே ‘மெலட்ரான்’ என்றொரு பெட்டியைப் பயன்படுத்தினார்கள். பார்க்க ஆர்கன் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் துண்டு. அதில் வயலின் குழுவோ குழலோ வாசித்த ஒரு ஸ்வரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும். சுமார் எட்டு வினாடியில் டேப் தீர்ந்துவிடும், விரலை எடுத்து மறுபடி அழுத்த வேண்டும். பழைய ஜெனெசிஸ், கிங் கிரிம்ஸன் தட்டுகளில் பின்னணியில் சற்று நடுங்கியபடி ஒரு சோகமான வயலின் கூட்டம் கேட்டால் அது இதுதான்.

இந்த இசை வளர்ந்ததில் தமிழர்களுக்கு நேரான பங்கு உண்டு. இதை நம் பிள்ளைகளில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பெரியவர்களிலும் பலர் மறந்துவிட்டோம். ஜான் மெக்லாலின் என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞர் 1971-ல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வைத் தொடங்கினார். ராக்கும் ஜாஸும் கலந்த, காது கிழியும் சத்தம். கணக்கோ பயங்கரம். அதே மனிதர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். அங்கேதான் வயலின் எல். சங்கரும் இருந்தார். சங்கர் சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். அங்கே இசை ஆசிரியராக இருந்த வி. லக்ஷ்மிநாராயணாவின் மகன்; எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம் ஆகியோரின் தம்பி. 1958 இனக் கலவரத்தை அடுத்து அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது.

மெக்லாலின், சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், தபலா ஜாகீர் உசேன் இவர்கள் சேர்ந்ததுதான் ‘சக்தி’. முதல் ஆல்பம் 1975-ல் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நேரடிக் கச்சேரியாகப் பதிவாகி 1976-ல் வெளிவந்தது, அதில் ஆர். ராகவனின் மிருதங்கமும் உண்டு. மின்சார கிட்டாரால் அரங்கை அதிரவைத்தவர், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாதாரண கிட்டாரை எடுத்தார். சாதாரணம் என்றும் சொல்ல முடியாது. மெட்டுகளுக்கு இடையே உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கி, தந்தியை அழுத்தி இழுக்க இடம் செய்திருந்தார்கள். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கற்றவர் கேட்டு வாங்கிய வசதி அது. போதாததற்கு, குறுக்கே கூடுதல் தந்திகளைக் கட்டி அவை தாமாக ரீங்கரிக்கும்படி செய்திருந்தது.

சங்கர் அதோடு நிற்கவில்லை. 1979-ல் ஃபிராங்க் ஜப்பா அவருக்கு ஓர் ஆல்பம் தயாரித்தார். ஜெனெசிஸிலிருந்து 1975-ல் விலகிய பீட்டர் கேப்ரியலின் ‘பேஷன்’ (1989) ஆல்பத்தில் சங்கரின் இரட்டைக் கழுத்து வயலினைக் கேட்கலாம். ‘சக்தி’யும் பிற்காலத்தில் புது அவதாரம் எடுத்தது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சில காலம் வாசித்தார். கடைசியாக விக்குவின் மகன் செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன், மும்பை செம்பூரில் வளர்ந்த நம் சங்கர் மகாதேவன் ஆகியோரோடு ‘திஸ் மொமென்ட்’ 2023-ல் வெளிவந்து, 2024-ல் கிராமி விருது பெற்றது. அந்த வருடம் டிசம்பரில் ஜாகீர் உசேன் காலமானார்.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) ராக் அல்ல. இருந்தாலும் இந்த வரிசையில் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சினிமாவில் மூன்றரை, நாலு நிமிடத்துக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர், படமும் இல்லாமல் பாட்டு வரியும் இல்லாமல் ஒரு முழு ஆல்பம் செய்தார். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு போகும். கீழே மற்றத் தந்தி வாத்தியங்கள் ஐரோப்பிய முறையில் ஒன்றையொன்று துரத்தும். பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் இந்த இசைதான் பின்னணி. சினிமாப் பாட்டுக் கேட்கும் அம்மா, கீர்த்தனை கேட்கும் அப்பா, யெஸ் கேட்கும் பிள்ளை மூவரும் சண்டையில்லாமல் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஆல்பம் ஒன்று சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நம் தலைமுறைக்குப் பின் வந்தவர்களில் பெங்களூரின் ‘அகம்’ குழு கீர்த்தனை, தில்லானாக்களையே எடுத்துக்கொண்டு இந்தப் பாணியில் கட்டுகிறது. ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ (2012) அவர்களுடைய முதல் ஆல்பம். கொச்சியின் ‘மதர்ஜேன்’ குழுவில் பைஜு தர்மஜன் கிட்டாரில் பிடித்த கமகங்களை ‘மக்தூப்’ (2008) ஆல்பத்தில் கேட்கலாம். ‘அகம்’ எனக்குச் சில இடங்களில் டிரம்ஸ் அதிகம் என்று படும். இதைச் சொன்னால் எந்த இளைஞரும் அரைமணி நேரம் வாதாடத் தயார்.

வாதாடுவது என்றால் அப்படி ஒரு வாதம்! டெக்கான் குட்லக் ஓட்டலில் பன் மஸ்காவும் சாயாவும் வைத்துக்கொண்டு மாணவர்கள் பேசுவதை ஒரு தடவை ஒட்டுக்கேளுங்கள். ஜெனெசிஸில் கேப்ரியல் பாடிய காலம் உசத்தியா, ஃபில் காலின்ஸ் பாடிய காலமா? வாட்டர்ஸ் இல்லாத பிங்க் ஃபிளாய்ட் பிங்க் ஃபிளாய்டுதானா? பழைய ட்ரம்மர் போனபின் அந்தக் குழுவில் லயமே இல்லை என்று ஒருவன் மேஜையைத் தட்டுவான். டிசம்பர் சீசனில் சபா கான்டீனில் ரவா தோசையோடு கேட்ட அதே தொனி. அரியக்குடியா, ஜி.என்.பி.யா என்று சண்டை போட்டவர்களின் பேரன்கள்தானே!

புனேவுக்கும் இந்த இசையில் சின்ன இடமுண்டு. 1971-ல் ‘டி’ என்ற சோதனை ஆல்பம் வெளியிட்ட ஜெர்மானியர் டாய்ட்டர், அந்தப் பத்தாண்டுகளிலேயே கோரேகாவ் பார்க் ஆசிரமத்துக்கு வந்து தங்கி, தியானத்துக்கான இசையை அமைத்தார். அதே கோரேகாவ் பார்க்கில்தான் 2010-ல் ‘என்.எச்.7 வீக்கெண்டர்’ விழா ஆரம்பமாயிற்று. நமது ‘முள்ளம்பன்றி மரம்’ 2009 டிசம்பரில் பவாய் ஐ.ஐ.டி.யின் விழாவில் வாசித்தது. அதே 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவுக்கு சுவீடனின் ‘ஓபெத்’ வந்தது. 1953 முதல் சவாய் கந்தர்வ விழாவில் மணிக்கணக்காக உட்கார்ந்து கேட்டுப் பழகிய ஊர் இது. நீளமான இசைக்கு இங்கே எப்போதும் பொறுமை உண்டு.

‘ராக் என்றாலே போதைதானே’ என்று சில பெற்றோர் கவலைப்படுவதும் தெரியும். அந்தக் காலத்தில் அது இருந்தது, மறைப்பதற்கில்லை. பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பாரெட் அதற்குப் பலியானார். மனம் பேதலித்து, 1968-ல் குழுவை விட்டு விலக நேர்ந்தது. 1975-ல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் பெரும்பகுதி அந்த நண்பனை இழந்த துக்கம்தான். அதைப் பிள்ளையோடு சேர்ந்து கேட்டால் உபதேசம் தேவைப்படாது.

ஆடம்பரம் என்ற இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு, அது நியாயம்தான். யெஸ் குழுவில் இருந்த ரிக் வேக்மன், 1975-ல் ஆர்தர் மன்னர் கதையை லண்டன் வெம்ப்ளியில் பனித்தரைமேல் சறுக்கு நடனமாகவே நடத்திக் காட்டினார். ஒரு வருடம் கழித்து, மூன்று ஸ்வர அடுக்கு போதும் என்று வந்த பங்க் ராக்காரர்கள் இவர்களைக் கிண்டல் செய்ததில் வியப்பில்லை. கணக்கு மட்டும் மிஞ்சி ராகம் காணாமல் போன பல்லவிகளை நாமும் கேட்டிருக்கிறோம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதல் நாள் ‘மணி’, தாளம் போட்டுக்கொண்டு. அடுத்து ‘சக்தி’யின் முதல் ஆல்பத்தில் ‘லோட்டஸ் ஃபீட்’. அமைதியானது, பாட்டிக்கும் பிடிக்கும். ஜெத்ரோ டல்லின் ‘லிவிங் இன் தி பாஸ்ட்’ (1969) ஐந்து எண்ணிக்கையில் நடக்கும், சின்னப் பாட்டு. அதில் குழல் வாசிக்கும் இயன் ஆண்டர்சன் மேடையில் ஒற்றைக் காலில் நின்று வாசிப்பவர். படத்தைக் காட்டினால் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் ஒரு பெயரைச் சொல்வார்கள். ‘குளோஸ் டு தி எட்ஜ்’ மட்டும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, ஹெட்ஃபோன் இல்லாமல், கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது போடுங்கள். முதல் மூன்று நிமிடம் கடாமுடா என்றுதான் இருக்கும். எழுந்து போய்விட வேண்டாம். பக்கத்து வீட்டு ஜோஷி மாமாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.